கதவுப் பக்கத்துக் கண்ணாடி

பிறிஜெற் அக்காவின் வான் என் வீட்டுக் கேற்றைப் பாதி மறைத்துக்கொண்டுதான் நிற்கும். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை ஒரு முட்டு ஒழுங்கை. அதற்கு வேறு இடமும் இல்லை. வேலைக்குப் போகும்போது வயிற்றை எக்கிக்கொண்டு போகிறேன், வரும்போதும் எக்கிக்கொண்டு வருகிறேன். இதைப் பற்றி நான் சண்டை பிடிக்காத வாரம் கிடையாது.

"றேணு, நீ மெலிஞ்ச ஆள்தானே. அதாலதான் உன்ர கேற்றடியில விடுறன்" என்பார் அக்கா. ஆகையால், வான் மேல் உள்ள அன்பில் இதை எழுதுகிறேன் என்று எவரும் நினைக்கவேண்டாம்.

அது ஒரு பழைய கொம்பி வான். மேலே வெள்ளை, கீழே பச்சை, முன்னால் இரண்டு உருண்டை விளக்கு. அக்கா துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கப்பல் கம்பனியில் ரெலிபோன் ஒப்பரேற்றராக இருந்தவர். கம்பனியை மூடி எல்லாருக்கும் கணக்கு முடித்து அனுப்பியபோது, மற்றப் பெண்கள் அந்தக் காசில் காப்பு வாங்கினார்கள், வீட்டுக்கு மேல்மாடி கட்டினார்கள். அக்கா எவருமே வேண்டாம் என்று விட்டிருந்த இந்த வானை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த பற்றிக் அண்ணை, அக்காவின் கணவர், அன்றைக்கு இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லையாம். பிறகு அவரே காலையில் எழும்பியதும் முதல் வேலையாக வானின் டயருக்குக் காற்றுப் பார்க்கிற மனிதராகிவிட்டார்.

வான் கல்யாண வான் ஆனது தற்செயல்தான். எங்கள் ஒழுங்கைப் பெண் ஒருத்திக்குக் கல்யாணம். சொல்லிவைத்த கார் வரவில்லை, கோயில் மணி அடித்துவிட்டது, பெண் வெள்ளை உடுப்போடு வாசலில் நின்று அழுகிறாள். மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்கா கையைக் கழுவி, வீட்டுச் சட்டையோடே வானை எடுத்துக்கொண்டு வந்து, "ஏறு பிள்ள" என்றார். பெண்ணைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, திரும்பி வரும்போது ஒழுங்கை முகப்பிலிருந்து வீடுவரைக்கும் ஹோர்னை அடித்துக்கொண்டே வந்தார். சளி பிடித்தவன் குரல் மாதிரி ஒரு ஹோர்ன் அது. அன்றிலிருந்து அந்த வானில் போய், அந்த ஹோர்னோடு திரும்பி வந்தால்தான் கல்யாணம் முற்றுப்பெற்றது என்று எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு எண்ணம். மணப்பெண்கள் எல்லாரும் கதவுக்குப் பின்னால் உள்ள ஜன்னலோரம்தான் உட்காருவார்கள். வீதியில் நிற்பவர்களுக்கு முகம் தெரியவேண்டுமே.

அந்த ஜன்னல்தான் காலை வாரியது.

போன மே மாதம் நதீஷா என்ற பெண்ணின் கல்யாணத்தன்று பெருமழை. கண்ணாடிக்கும் தகரத்துக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் வழியாகத் தண்ணீர் ஒழுகி, துருவையும் சேர்த்துக்கொண்டு, பெண்ணின் வெள்ளை உடுப்பின் தோள்பட்டையில் செங்கோடாக இறங்கிவிட்டது. கோயில் படியில் வைத்து அவளுடைய தாய் கத்திய கத்தல் பீடம்வரைக்கும் கேட்டது. அக்கா வானில் கட்டியிருந்த பூக்களைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். கராஜ்காரர் ஒருவர் வெளியே சிலிக்கன் பசையை அப்பிவிட்டார். அது ஒரு மழைக்கு நின்றது, அடுத்த மழைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு எவரும் கல்யாணத்துக்கு வான் கேட்டு வரவில்லை. ஒழுங்கையில் ஹோர்ன் சத்தமும் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை, அதுதான் எரிச்சல்.

இந்த நிலைமையில்தான் சாமினியின் கல்யாணம் வந்தது. சாமினி அக்காவின் ஞானமகள். ஞானஸ்நானத்தின்போது அவளைக் கையில் ஏந்தியவர் அக்காதான். அவளும் சின்ன வயதிலிருந்தே "நான் பிறிஜெற் அன்ரிட வானிலதான் போவன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள். ஆனால் கல்யாணம் ஒக்ரோபரில், அதுவும் பின்னேர நேரம். கொழும்பில் ஒக்ரோபர் பின்னேரம் என்றால் மழை அழைப்பிதழ் இல்லாமலே வரும்.

சாமினியின் தாய் பிலோமினா நல்ல பெண்தான். ஆனால் மகளின் கல்யாண உடுப்பை அவரே தைத்திருந்தார். மாதக்கணக்காகக் குனிந்திருந்து, ஒவ்வொரு முத்தாகக் கையால் பிடித்த உடுப்பு. அந்த மனுசிக்குப் பயம் வராமல் என்ன செய்யும்? அவர் அக்காவின் வாசலில் நின்று நேராகவே சொன்னார்.

"பிறிஜெற், கோவிக்காத. நான் ஒரு காருக்கும் சொல்லி வச்சிருக்கிறன். உன்ர வான் ஒழுகுதெண்டா பிள்ள அதில ஏறமாட்டாள்."

"ஒழுகாது" என்றார் அக்கா.

"ஒழுகினா?"

"ஒழுகினா வித்துப்போட்டு வீட்டில இருக்கிறன். ஞானமகளையே ஏத்த ஏலாட்டி எனக்கென்னத்துக்கு வான்?"

கோபத்தில் சொன்ன பேச்சு என்று நான் நினைத்தேன். ஆனால் அக்கா சும்மா சொல்கிற ஆள் இல்லை. பற்றிக் அண்ணையின் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்ததும் எனக்கும் விளங்கிவிட்டது.

அடுத்த நாளே அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போனார். பழைய வாகனச் சாமான் விற்கிற ஹுசைனின் கடை. வெளிநாட்டிலிருந்து வந்த புது ரப்பரைக் கூரையிலிருந்து கழற்றிக் கொடுத்தார் ஹுசைன். கறுப்பாக, கனமாக, கையில் எடுத்தால் திமிறுகிற ரப்பர்.

"புதுசு, நல்லா இறுக்கமா ஈக்கும்" என்றார். "சவக்காரத் தண்ணி மட்டும் போடுங்க. எண்ணெய் பூச வாணாம், ரப்பர் ஊதிரும். கண்ணாடிய மட்டும் கவனமாப் பாத்துக்கங்க அன்ரி. ரப்பர் எண்டா இன்னொண்டு எடுத்துத் தரலாம். இந்தக் கண்ணாடிய எங்க தேடியும் எடுக்க ஏலா."

கராஜ்காரர் இதைக் கேட்டதும் கையை உதறிவிட்டார். கண்ணாடி உடைந்தால் தன் தலையில் விழும் என்ற பயம். அதனால் நாங்களே கண்ணாடியைக் கழற்றிப் பூட்டுவது என்று முடிவாயிற்று. நாங்கள் என்றால் அக்கா, பற்றிக் அண்ணை, அப்புறம் மெலிந்த காரணத்துக்காக நான். இரண்டு நாள் லீவு போட்டேன். அலுவலகத்தில் காரணம் கேட்டபோது வயிற்றுவலி என்றேன்.

வேலை சொல்வதற்கு லேசானது. பழைய ரப்பரை வெட்டி எடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். புது ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாலை போட வேண்டும். ரப்பரின் வெளிப்பக்கத்தில் ஒரு பள்ளம் ஓடுகிறது. ஜன்னல் தகரத்தின் விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் போய் உட்கார வேண்டும். அதற்காகப் பள்ளம் நெடுக ஒரு நைலோன் கயிற்றை விட்டு, நுனிகளை உள்ளே தொங்கவிட்டு, வெளியிலிருந்து இரண்டு பேர் கண்ணாடியை அமத்திப் பிடிக்க, உள்ளே இருக்கிற ஆள் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். கயிறு வர வர ரப்பரின் உதடு தகரத்தைக் கவ்விக்கொண்டு உள்ளே வரும். உள்ளே இருந்து இழுக்கிற அந்தப் பாவி நான்.

அடிப்பக்கம் வந்தது. இரண்டு பக்கமும் வந்தது. மேல்பக்கம் வரமாட்டேன் என்றது. ஒரு மூலையை இழுத்து உள்ளே கொண்டுவந்தால் மற்ற மூலை துள்ளி வெளியே போகிறது. கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. அக்கா வெளியே நின்று "இழு, இழு" என்கிறார். நான் காலைத் தகரத்தில் ஊன்றி முழுப் பலத்தோடு இழுத்தேன். கண்ணாடி ஒரு முனகல் முனகியது.

"விடு! விடு றேணு!" பற்றிக் அண்ணை கத்தினார்.

விட்டேன். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தோம். உடையவில்லை. அந்த நேரம் பார்த்துத்தானா பிலோமினா ஒழுங்கையால் போகவேண்டும்? பாதி தொங்குகிற ரப்பரையும் எங்கள் மூஞ்சியையும் பார்த்தார். விறுவிறென்று நடந்து போய்விட்டார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ரப்பர் சின்னனாப் போச்சு" என்றேன் நான். "ஹுசைன் பிழையானத தந்திட்டான்."

"ஹுசைன் பிழையா தரமாட்டான்" என்றார் அண்ணை. கண்ணாடியைக் கழற்றிக் கட்டில் மெத்தையில் படுக்கவைத்துவிட்டு வந்து, ஜன்னல் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வானைச் சுற்றிக்கொண்டு போய், சுவரோடு இருந்த இடுக்கில் கையை விட்டு, மற்றப் பக்கத்து ஜன்னலின் ரப்பரைக் கொஞ்சம் தூக்கி, அந்த விளிம்பையும் தடவினார். திரும்பி வந்து இதைத் தடவினார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"பிறிஜெற், இந்தப் பக்கம் நீ எத்தினை தரம் பெயின்ற் அடிச்சனீ?"

அக்காவும் கிட்ட வந்து விளிம்பைத் தடவினார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது.

கொட்டாஞ்சேனையில் நத்தார் வந்தால் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்காத கத்தோலிக்கர் இல்லை. அக்காவும் ஒவ்வொரு டிசெம்பரும் கதவு, ஜன்னல், கேற் எல்லாவற்றுக்கும் அடிப்பார். அடித்து முடித்தால் பெயின்ற் வாளியின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். எறிய மனம் வருமா? அதை வானுக்குப் பூசுவார். வான் நிற்கிற இடத்தில் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கும், எவருக்கும் தெரியாது. கதவுப் பக்கம்தான் வீதியைப் பார்க்கும், அதனால் பெயின்ற் எல்லாம் கதவுப் பக்கத்துக்கு. ஜன்னல் ஓரம் துப்பரவாக வரவேண்டும் என்று, தேக்கரண்டிக் காம்பால் ரப்பரின் உதட்டைத் தூக்கித் தூக்கி உள்ளேயும் பூசியிருக்கிறார். நானே எத்தனையோ நத்தாருக்கு மதிலுக்கு மேலால் பார்த்திருக்கிறேன். வருஷா வருஷம் பூசிப் பூசி அந்த விளிம்பு தடித்துப்போய், பழைய ரப்பர் இருக்க இடமில்லாமல் விலகி, நடுவில் தண்ணீர் போக வழி விட்டிருக்கிறது. புது ரப்பரோ இறுக்கமானது. அது அந்தத் தடிப்பைக் கவ்வவே மறுக்கிறது. ஊர் பார்க்கவேண்டும் என்று எந்தப் பக்கத்தை அழகாக்கினாரோ, அந்தப் பக்கம்தான் ஒழுகியிருக்கிறது.

அக்கா வாசல் சிமெந்துக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பிள்ளையிட உடுப்ப நானா பழுதாக்கினன்?" என்று கேட்டார். நதீஷாவைத்தான் சொல்கிறார் என்று தெரிந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் ஏதாவது நக்கல் சொல்லியிருப்பேன். அன்றைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இப்ப தெரிஞ்சிட்டுதெல்லே" என்றார் அண்ணை. "சுரண்டுவம்."

சுரண்டினோம். வெள்ளைக்குக் கீழே கிறீம், கிறீமுக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே பச்சை. அக்காவின் வீட்டுக் கதவுகள் இத்தனை வருஷமும் போட்ட நிறமெல்லாம் அடுக்கடுக்காக உரிந்து நிலத்தில் விழுந்தன. பாக்குச் சீவல் மாதிரி ஒரு குவியல். அடியில் துரு. அதையும் தேய்த்து, துருப்பிடிக்காத மருந்து பூசியபோது வானம் கறுத்தது. காயும்வரைக்கும் பற்றிக் அண்ணை வானுக்கு மேலே மழை படாமல் தறப்பாளைப் பிடித்துக்கொண்டு கதிரை மேல் நின்றார். நாரிப்பிடிப்பால் முதுகு வளையாத மனிதர். மழை தூறிவிட்டுப் போய்விட்டது. அண்ணையைக் கதிரையிலிருந்து இறக்குவதற்குத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

மறுநாள் காலை, கல்யாணத்துக்கு முதல்நாள், ரப்பரை வெயிலில் போட்டு இளக்கி, திரும்பவும் தொடங்கினோம். இந்த முறை என் கைக்குப் பழைய காலுறை இரண்டைத் தந்தார் அக்கா. அடிப்பக்கம், இரண்டு பக்கம், வந்தன. மேல் மூலைக்கு வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பாத்து இழு" என்றார் அக்கா. "கண்ணத் திற, விசரி."

அவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். 'டப்' என்று ஒரு சத்தம். மூலை உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. மற்ற மூலையும் தானாகவே வந்தது. கயிறு முழுவதும் என் மடியில் கிடந்தது. கண்ணாடி அசையாமல் அமர்ந்திருந்தது. நான் உள்ளே இருந்து பார்க்கிறேன், அக்கா வெளியே இருந்து பார்க்கிறார், நடுவில் கண்ணாடி. இரண்டு பேருக்கும் பைத்தியம் பிடித்த மாதிரிச் சிரிப்பு.

ஆனால் அக்காவுக்கு அது போதவில்லை.

"றேணு, நீ பிள்ளையார் கோயிலுக்குக் கட்டுற வெள்ளைச் சீலை இருக்கெல்லே? போய் உடுத்திக்கொண்டு வா."

"என்னத்துக்கு?"

"வெள்ளையிலதான் தெரியும்."

என் பட்டுக்கரை வெள்ளைச் சீலையை உடுத்திக்கொண்டு, பட்டப்பகலில், நின்ற வானில், மணப்பெண்ணின் இடத்தில் நான் உட்கார்ந்தேன். பற்றிக் அண்ணை குழாயைத் திறந்து ஜன்னலுக்கு நேரே பீச்சினார். ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டு மனுசி மேல்மாடியிலிருந்து, "றேணுகா, மாப்பிள்ளை எங்க?" என்று கேட்டார். நான் கல்யாணம் வேண்டாம் என்று இருக்கிற ஆள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கண்ணாடியில் அடித்து அடித்து வழிந்தது. உள்ளே ஒரு பொட்டு இல்லை. இறங்கி வந்ததும் அக்கா என் தோள்பட்டையை முன்னும் பின்னும் தடவிப் பார்த்துவிட்டு, என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சவக்காரமும் வேர்வையும் மணத்தன. சீலை கசங்கிப்போயிற்று. பரவாயில்லை என்றுதான் அந்த நேரம் எனக்குத் தோன்றியது.

கல்யாணத்தன்று சாமினியை வெள்ளவத்தையில் பர்ஹாவின் சலூனில் அலங்கரித்தார்கள். அங்கிருந்து கொட்டாஞ்சேனை வரவேண்டும். அக்கா வானை வாசலில் கொண்டுபோய் நிறுத்தும்போதே வானம் இருண்டு கிடந்தது. பிலோமினா மேலே பார்த்தார், வானைப் பார்த்தார், பின்னால் நிற்கிற வாடகைக் காரைப் பார்த்தார்.

"நான் காரில ஏறமாட்டன் அம்மா" என்றாள் சாமினி.

"சரி. நான் உன்னோட இருக்கிறன்" என்றார் பிலோமினா. ஏறும்போது அவர் கையில் நன்றாக மடித்த ஒரு வெள்ளைத் துவாய் இருந்தது. மகளுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அந்தத் துவாயை வைத்து, கண்ணாடியின் கீழ் ரப்பரோடு சேர்த்து அமத்திப் பிடித்துக்கொண்டார். அக்கா இதை முன்கண்ணாடிக்கு மேலே உள்ள சின்னக் கண்ணாடியில் பார்த்தார். முன்சீற்றில் பூக்கூடையை வைத்துக்கொண்டிருந்த எனக்குத்தான் அவருடைய தாடை இறுகியது தெரிந்தது.

கடலோரமாகப் போகிற மரைன் டிரைவில் ஏறியதும் கொட்டத் தொடங்கியது. கடற்காற்று மழையைச் சரித்துச் சரித்துக் கதவுப் பக்கத்திலேயே அடித்தது. கடலும் தெரியவில்லை, ரயில் பாதையும் தெரியவில்லை. வைப்பர் அழுது அழுது வேலை செய்தது. நான் பூக்கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த பிள்ளையாரையும் அக்காவின் அந்தோனியாரையும் சேர்த்தே கூப்பிட்டேன். பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஆமர் வீதிச் சந்தியில் வெள்ளம் நின்றது; அக்கா நிறுத்தாமல், அவசரப்படாமல், வானை மெல்ல உருட்டிக்கொண்டு கடந்தார். வாடகைக் கார் வெறுமையாக எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

கோயில் வாசல். மழை விட்டபாடில்லை. அக்கா இஞ்சினை நிறுத்தினார், ஆனால் திரும்பவில்லை. இரண்டு கையும் ஸ்ரேறிங்கில் இருந்தன.

"பிலோமினா" என்றார். "பார்."

பிலோமினா துவாயை எடுத்தார். மடிப்பைப் பிரித்தார். ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு ரப்பரின் ஓரம் நெடுக விரலை ஓட்டினார்.

"ஒண்டுமில்ல" என்றார். "காய்ஞ்சுபோய்க் கிடக்கு."

அக்கா குடையை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினார். குடை முழுவதும் சாமினிக்கு மேலே. அக்கா வெளியே. பெண்ணைப் படியேற்றி, கோயிலில் காத்துக்கொண்டு நின்ற பற்றிக் அண்ணையிடம் குடையைக் கொடுத்துவிட்டு, மழையில் அப்படியே நின்றார். தலைமயிர், சீலை எல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. அழுகிறாரா, மழையா என்று எனக்குத் தெரியவில்லை என்று எழுதலாம். பொய். அழுதார். ஐந்து மாதமாகச் சாத்தியிருந்த கதவு திறந்த மாதிரிக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

படியில் பாதி ஏறிய பிலோமினா திரும்பி இறங்கி வந்தார். கையில் இன்னும் அந்தத் துவாய். அதை விரித்து, அக்காவின் முகத்தைத் துடைத்தார். நெற்றி, கண், கழுத்து, எல்லாம் துடைத்தார். துவாய் தெப்பமாக நனைந்தது.

"அந்தக் கார்க்காரனைப் போகச் சொல்லு றேணு" என்றார் பிலோமினா, என்னைப் பார்க்காமலே. பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வா உள்ளுக்கு. ஞானத்தாய் இல்லாமப் பூசை தொடங்குமே?"